சயந்தனுக்கு அனுப்ப ஒரு வீடியோ

வீடியோவோ? எடுக்கலாம் தம்பி, அதுக்கென்ன, நான் எங்க ஓடியோ போகப்போறன். ஆறுதலா எடுக்கலாம். நாலு மாடி படி ஏறி வந்திருக்கிறியள், முதல் மூச்சை விடுங்கோ. இந்த லிப்ற் இப்பிடித்தான், ஒருநாள் ஏறும், ரண்டு நாள் படுக்கும். வெள்ளவத்தையில பிளற் கட்டினவை எல்லாரும் கடல் தெரியும், கடல் தெரியும் எண்டு சொல்லித்தான் வித்தவை. லிப்ற் வேலை செய்யும் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கதவு தள்ளினவுடன திறந்ததோ? நீங்கள் வருவியள் எண்டு பூட்டாமல் விட்டனான்.

சரி, சயந்தன் கனடாவில இருந்து என்ன சொல்லிவிட்டவன்? ஒளிக்காமச் சொல்லுங்கோ. அம்மா இந்த ஹோலுக்கை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நடக்கிறதை எடுத்து அனுப்பச் சொன்னவன், அவ்வளவுதானே? எனக்கு அவன் அப்பிடிச் சொல்லேல்லை. ஜனா எண்டு என்ர பிரெண்ட் கலியாணம் ஒண்டுக்குக் கொழும்புக்கு வந்து நிக்கிறான், ஒருக்கா எட்டிப் பாப்பான், நல்ல பெடியன் எண்டான். அவ்வளவுதான். பெத்தனான் தம்பி, அவன் சொல்லாம விடுறதும் எனக்குக் கேக்கும். அம்மா நல்லா நடக்கிறா எண்டு கண்டா பிளற்றும் கிடக்கும், நானும் இதுக்கை கிடப்பன். இல்லையெண்டா இதை வித்துப்போட்டு, யாழ்ப்பாணப் பக்கம் புதுசாக் கட்டியிருக்கிற முதியோர் இல்லத்தில என்னைக் கொண்டுபோய் விடுறது. அந்த இடத்தின்ர படங்களும் அனுப்பினவன். நல்ல மாபிள் தரை. வழுக்கிறதுக்கு எண்டே போட்டமாதிரி.

என்ன தலையைக் குனியிறியள்? நீங்கள் என்ன செய்யிறது, பாவம். சினேகிதன் கேட்டா மாட்டன் எண்டு சொல்ல ஏலுமோ.

மேல சுத்திற அந்த பேனைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ. உங்களுக்குப் பின்னால, கதவுக் கரையில சுவிச். ஆ, அதுதான். எனக்கு வேர்க்குது. இண்டைக்கு நல்ல வெக்கை என்ன? உங்களுக்கு அவ்வளவா இல்லையோ? சரி, தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறியளோ? ஐயோ, வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது, முதல் முதல் வீட்டுக்கு வந்திருக்கிறியள். குசினி உந்தப் பக்கம். கேத்திலுக்கை தண்ணி கிடக்கு, சுவிச்சைப் போட்டாச் சரி. வந்த மனிசரை வேலை வாங்கிறன் எண்டு நினையாதேங்கோ. சயந்தன்ர சினேகிதப் பெடியள் எல்லாரும் இந்த வீட்டில அப்பிடித்தான். தாங்களே போட்டுக் குடிச்சு, தாங்களே கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போவாங்கள். இருந்த இடத்தில இருந்து அதிகாரம் பண்ணி எனக்குப் பழகிப்போச்சு. முப்பது வருசம் தபால் கந்தோர் கவுண்டரில இருந்தனான் எல்லோ.

சீனி மேல் தட்டில! கண்டனீங்களோ? சத்தமாக் கதைக்கிறன், அங்க இருந்தே கேளுங்கோ. எனக்கு வேண்டாம், நான் குடிச்சாச்சு. இண்டைக்கு விடியத்தில இருந்து நான் ஒண்டும் குடிக்கேல்லை. இல்லையில்லை, குடிச்சனான் எண்டுதான் சொன்னனான், விடிய ஒருக்காக் குடிச்சது காணும் எண்டு. நீங்கள் போட்டுக் குடியுங்கோ.

இடுப்பு மூட்டைப் பற்றி அவன் உங்களுக்குச் சொல்லியிருப்பான். வலது பக்கம். பதினைஞ்சு வருசம் ஆகுது மாத்தி. அதுக்கு முதல் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. கோல் றோட்டில பஸ்ஸில காலைத் தூக்கி வைக்க ஏலாது. பின்னால நிக்கிறவன் நக்கின்ன நக்கின்ன, ஏறு ஏறு எண்டு தள்ளுவான், எனக்குக் கண்ணில தண்ணி வரும். எலும்பும் எலும்பும் உரசி உள்ளுக்கை ஒண்டும் இல்லையாம், எக்ஸ்ரேயில பாக்கக் காகம் கொத்தின பப்பாசிப்பழம் மாதிரிக் கிடந்தது. டொக்டர் சிங்கள ஆள், தங்கமான மனிசன். கிண்ணமும் பந்தும் மாதிரி ஒரு சாமானை மேசையில வைச்சு, அம்மா, இதுதான் உங்கட புது இடுப்பு எண்டு சுத்திக் காட்டினவர். எவ்வளவு காலத்துக்கு டொக்டர் எண்டு என்ர மனிசன் கேட்டார். பதினைஞ்சு வருசம், சிலபேருக்கு இருபது, அதுக்குமேலயும் ஓடுது, பிறகு பாப்பம் எண்டார் டொக்டர். வெளியில வந்து இவர் சொல்லுறார், பிறகு பாக்க அப்ப ஆர் இருக்கப்போறம் கனகேசு, செய்வம் எண்டு.

அவர் இல்லைத்தான். நான் இருக்கிறன். பதினைஞ்சும் முடிஞ்சுது.

வந்திட்டியளோ, இருங்கோ, அந்தக் கதிரையில இருங்கோ. பிஸ்கற் எடுக்கேல்லையோ? சரி. நான் என்ன சொல்லிக்கொண்டு இருந்தனான்? ஆ, ஒப்பரேசன். கெட்டித்தனமாச் செய்தார் தம்பி, பொய் சொல்லக்கூடாது. அடுத்த நாளே எழுப்பி நிக்க வைச்சவை. ரண்டு மாசத்தில நானும் என்ர மனிசனும் மரைன் டிரைவில நடக்கத் தொடங்கினம். சவுந்தரநாயகம் எண்டாத் தெரியாத ஆள் இல்லை இந்த ஒழுங்கையில, வெயில் இல்லாட்டியும் குடையோடதான் திரிவார். எனக்கு முன்னால போகமாட்டார், பக்கத்திலயும் வரமாட்டார், பின்னாலதான். விழுந்தாப் பிடிக்கவேணுமாம். நீ விழுந்தா நான் பிடிக்க ஏலுமோ, நீ அறுபத்தைஞ்சு கிலோ, நான் ஐம்பத்தைஞ்சு எண்டு தானே சொல்லிச் சிரிப்பார். முதல் நாள் அந்தக் கடற்கரைக் கட்டு மட்டும் ஒரு நோவும் இல்லாமல் நடந்துபோய் நிக்க, தெகிவளைப் பக்கம் ரெயில் ஒண்டு போச்சுது. அங்க நிண்டு நான் அழுதனான். சந்தோசத்தில. சனம் பாக்குது, வா, வா எண்டு இவர் வெக்கப்படுறார். அந்தச் சந்தோசம் ஒரு ஏழெட்டு வருசம் இருந்தது தம்பி. அதை நான் எங்க வேணுமெண்டாலும் நிண்டு சொல்லுவன். ஆரும் இடுப்பு மாத்தட்டோ எண்டு கேட்டா, மாத்து, யோசியாத எண்டுதான் நான் சொல்லுறது.

இப்பவோ? இப்பவும் நடக்கிறன்தானே. பின்னேரத்தில போறது. ஒவ்வொரு நாளும் எண்டு இல்லை. மழை, வெயில், லிப்ற் எல்லாம் பாக்கவேணும்.

கனடாவுக்கும் வந்தனான். அப்ப நீங்கள் சயந்தனுக்குப் பழக்கமில்லையோ? கட்டுநாயக்கா எயார்போட்டில அந்தச் சோதனை வாசலுக்கால போகேக்க கூக் எண்டு கத்திச்சுது. வளையலைக் கழட்டு, தோட்டைக் கழட்டு, கழட்டியும் கத்துது. ஒரு பொம்பிளைப் பிள்ளை, யூனிபோம் போட்டது, தடியால தடவித் தடவி இடுப்பில வந்து நிண்டு, மொகத்த அம்மே மே, இதென்ன அம்மா எண்டு சிங்களத்தில கேக்குது. யகட துவே, யகட எண்டன் நான். இரும்பு பிள்ளை, இரும்பு. உள்ளுக்கை இரும்பெண்டா எப்பிடி அது நம்பும்? அறைக்குள்ள கூட்டிக்கொண்டுபோய்ச் சீலையை விலத்தித் தழும்பைக் காட்டினாப் பிறகுதான் விட்டது. காட்டினவுடன அந்தப் பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டிட்டுது, தன்ர அம்மாவுக்கும் அப்பிடி ஒண்டு செய்யவேணுமாம், எங்க செய்தனீங்கள் எண்டு விசாரிக்குது. பிளேனை விட்டிடுவன் எண்டு இவர் வெளியில நிண்டு துள்ளுறார்.

ஆனா கனடா எனக்குச் சரிவரேல்லை. மருமகள் ஆரணியை நான் குறை சொல்லமாட்டன், நல்ல பிள்ளை, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளிசை. மாமி வெளியில கால் வைக்காதேங்கோ, ஐஸ், விழுந்தா அந்த இடுப்பு அம்போ எண்டு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகேக்க சொல்லிப்போட்டுப் போவா. நான் யன்னலுக்காலப் பாத்துக்கொண்டு நிப்பன். வெள்ளை. வேற ஒண்டும் இல்லை. நடக்கிறதுக்கெண்டு இரும்பு வைச்ச மனிசி, ஒரு பனிக்காலம் முழுக்க ஒரு வீட்டுக்கை. இவர் ரீவி பாப்பார், நான் இவரைப் பாப்பன். பங்குனியோட சொல்லிப்போட்டன், நாங்கள் போறம் எண்டு. உங்கட அம்மா உங்களோடதானோ? பேஸ்மென்ற்றிலயோ? ம். அவவுக்கு முழங்கால் நோ இல்லையோ? படி கவனம் எண்டு சொல்லுங்கோ.

சரிதான் தம்பி, அதுக்கும் சில கட்டுப்பாடுகள் இருக்குத்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. நிலத்தில இருக்கக்கூடாது, சம்மணம் கட்டக்கூடாது, குனிஞ்சு ஒண்டும் எடுக்கக்கூடாது. கோயிலுக்குப் போனா விழுந்து கும்பிட ஏலாது, நிண்டபடிதான். பிள்ளையாருக்கு என்ர கணக்கு விளங்கும். கால் நகம் வெட்ட எனக்குக் கை எட்டாது, கீழ்வீட்டு றிப்னா வந்து வெட்டிவிடும். நல்ல பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, என்ர சொந்தமெண்டாக்கூட அப்பிடிக் காலைத் தன்ர மடியில தூக்கி வைச்சு வெட்டுவினமோ தெரியாது. ஒரு கால் கொஞ்சம் கட்டை, சும்மா ஒரு விரல் கடை. செருப்புக்கு அடி ஒட்டினாச் சரி.

இவர் செத்த நேரம்தான் எனக்கு அது பெரிய வெக்கமாப் போச்சுது. ஆறு வருசம் முந்தி. மலர்ச்சாலையில பாய் விரிச்சுப் பெண்டுகள் எல்லாரும் பெட்டியைச் சுத்தி நிலத்தில இருக்கினம், நான் மட்டும் அவற்ர தலைமாட்டில கதிரை போட்டு, மகாராணி மாதிரி. இவற்ர ஒண்டுவிட்ட தங்கச்சி ஒருத்தி ஊரில இருந்து வந்தவள், கேக்கவேணும் எண்டே சொல்லுறாள், கட்டின புருசன் கிடக்க மேல இருக்கிறா பார் எண்டு. எனக்கு எழும்பிப் போய் அவளுக்கு எக்ஸ்ரேயைக் காட்டவேணும் போல கிடந்தது. நான் குனிஞ்சு அவற்ர முகத்தைத் தொடவும் இல்லை தம்பி. எட்டேல்லை. ஆரையும் பிடிச்சுவிடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. சயந்தன் வந்து கொள்ளி வைச்சான், எட்டாம் நாள் பிளேன் ஏறினான். லீவு அவ்வளவுதானாம். பாவம், அவனும் என்ன செய்யிறது. அதுதான் அவன் கடைசியா வந்தது. பிறகு கொரோனா எண்டாங்கள், பிறகு பெற்றோல் இல்லை, காஸ் இல்லை எண்டாங்கள், பிறகு பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம்.

இல்லை, அவன் போன் எடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை தவறமாட்டான். முகம் பாத்துத்தான் கதைக்கிறது. நான் நிண்டுகொண்டுதான் கதைக்கிறனான், வேணுமெண்டாக் கேட்டுப் பாருங்கோ. குசினியில தொட்டியோட சாஞ்சு நிண்டு. அம்மா எப்பிடி, நடக்கிறியளோ? ஓமடா, நல்லா நடக்கிறன். அம்மா, அலுவல் ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ, நான் வாறன். ஒண்டும் இல்லையடா, நீ உன்ர அலுவலைப் பார். இதுதான் எங்கட கதை. இப்ப மூண்டு மாசமா அவனுக்கு என்ன பிடிச்சிதோ, அம்மா எழும்பி நடந்து காட்டுங்கோ எண்டு ஒரே பிடி. போன் சார்ஜில கிடக்கு, வயர் கட்டை எண்டன். அடுத்த கிழமை கறி அடுப்பில எண்டன். அதுக்கடுத்த கிழமை சிக்னல் இல்லை. அவனும் தபால்காரியின்ர மகன்தானே, விட்டிடுவானோ, உங்களை அனுப்பிப்போட்டான்.

யாழ்ப்பாணம் உங்கட ஊர்தானே அம்மா எண்டுறான். ஊரோ? நான் அங்க இருந்து வந்து நாப்பது வருசம். எங்கட வீடு இருந்த இடத்தில இப்ப ஆற்றயோ வாழைத்தோட்டம். ஊர் எண்டா ஆக்கள் தம்பி. என்ர ஆக்கள் எல்லாம் இந்த ஒழுங்கைக்கைதான் இருக்கினம். முகத்துவாரத்தில இருந்து டெரிக் எண்டு ஒருத்தன் மோட்டச்சைக்கிளில மீன் கொண்டுவருவான். கீழ நிண்டு அன்ரீ எண்டு ஒரு கத்துக் கத்துவான், நான் பல்கனியால கயித்தில கூடையை இறக்குவன். பாரை எண்டாப் பாரையின்ர நடுத்துண்டு, தலையைத் தந்து ஏமாத்தமாட்டான். பாணும் அப்பிடித்தான் வரும், மரக்கறியும் அப்பிடித்தான். அன்ரி, நீங்கள் உயிரோட இருக்கிறியளோ, இல்லாட்டி உந்தக் கை மட்டும்தானோ இருக்குது எண்டு பகிடி விடுவான் அவன். எனக்குச் சிரிப்பு வரும். அந்த இல்லத்தில என்னோட ஆர் பகிடி விடப்போகினம்? மணி அடிச்சாச் சோறு, மணி அடிச்சாப் படுக்கை. நான் இஞ்ச சாகிறன் எண்டாலும் கடல்சத்தம் கேட்டுச் சாவன். இதை அவனுக்கு விளங்கப்படுத்த என்னால ஏலாமக் கிடக்கு. உங்களுக்கு விளங்குதோ?

விளங்குது என்ன. முகத்தைப் பாக்கத் தெரியுது.

என்ன? மெய்யாவோ? வேண்டாமோ? எடுக்கேல்லையோ?

ஐயோ என்ர ராசா. அப்பிடியே அவனுக்குச் சொல்லுவியளோ? அம்மா நல்லாக் கதைக்கிறா, நல்லா இருக்கிறா, நடக்கிறா, ஒரு குறையும் இல்லை எண்டு? அவன் வீடியோ எங்க எண்டு கேட்டா? போன் சார்ஜ் இல்லை எண்டோ! நல்ல ஆள், என்னட்டயே படிச்சிட்டியள். சிரிக்கவைக்காதேங்கோ தம்பி, சிரிக்க ஏலாது எனக்கு இப்ப. சும்மா, ஒண்டுமில்லை. சந்தோசம். நல்லா இருப்பியள். உங்கட அம்மாவுக்கு நான் சுகம் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ.

கலியாண வீட்டுக்கு நேரம் போட்டுதோ? ஓம் ஓம், போகத்தானே வேணும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டு நிப்பினம். கோப்பையை அதில வையுங்கோ, கழுவவேண்டாம், நான் பாப்பன். இல்லை, நான் வாசலுக்கு வரேல்லை, குறை நினையாதேங்கோ, இருந்தபடியே அனுப்புறன். போட்டு வாங்கோ. கதவை இழுத்துச் சாத்தினாத் தானாப் பூட்டும். படி கவனம், ரண்டாம் மாடியில லைற் இல்லை.

தம்பி.

ஜனா தம்பி. ஒருக்கா நில்லுங்கோ.

கதவைச் சாத்தாதேங்கோ. செருப்பைப் போட்டிட்டியளோ? கழட்டிப்போட்டு ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ.

இல்லை, ஒண்டும் இல்லை. எனக்கு பாத்ரூம் போகோணும்.

அது எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும் தம்பி, என்ர வீடுதானே. இந்தச் செற்றியில இருந்து எழும்ப எனக்கு ஏலாது. நீங்கள் வரமுதலே போகவேண்டிக் கிடந்தது. அதுதான் தேத்தண்ணியும் குடிக்கேல்லை.

எட்டு மணிக்கு இருந்தனான் இதில. நான் ஒருநாளும் இதில இருக்கிறதில்லை, பதிஞ்ச இருக்கை எனக்கு ஆகாது. மூண்டு பிளாஸ்ரிக் கதிரையை ஒண்டுக்குமேல ஒண்டு அடுக்கி, அதில ஏறித்தான் இருக்கிறனான், எழும்புறதுக்கு நாலுகால் வோக்கரும் கிடக்கு. எல்லாத்தையும் விடிய அறைக்குள்ள தள்ளிப்போட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து, நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு இதில இருந்தனான். மகன்ர சினேகிதப் பெடியன் முதல் முதல் வாறான், ஹோலுக்கை மூண்டு கதிரையை அடுக்கி வைச்சுக்கொண்டு நோயாளி வீடு மாதிரியோ காட்டுறது? வந்தவரை மனிசர் மாதிரிச் செற்றியில இருந்து வரவேற்கவேணும் எண்டு நினைச்சன். இருந்த உடனயே தெரிஞ்சுபோச்சு. றிப்னாவைக் கூப்பிடுவம் எண்டா, அந்தப் பிள்ளை குடும்பத்தோட பேருவளைக்குக் கலியாணத்துக்குப் போட்டுது, நாளைக்குத்தான் வரும். போனும் அறைக்குள்ள. நீங்கள் அந்தக் கதவைச் சாத்தினா நாளைக்குப் பின்னேரம் மட்டும் நான் இதிலதான். அதாலதான் கூப்பிட்டனான். இல்லாட்டி விட்டிருப்பன், நீங்கள் சந்தோசமாப் போயிருப்பியள், நானும் வெண்டிருப்பன்.

ரண்டு வருசம் ஆகுது தம்பி. உள்ளுக்கை அந்தக் கிண்ணம் தேஞ்சு, எலும்பில இருந்து கழண்டு ஆடுதாம். எழும்பி முதல் அடி வைக்கேக்க உயிர் போய் வரும். அந்த டொக்டர் இப்ப இல்லை, ஒரு இளம் ஆள்தான் பாத்தவர். திரும்ப மாத்தலாம் அம்மா, ஆனா முதல் செய்தமாதிரி லேசு இல்லை, பெரிய ஒப்பரேசன், பிறகு மூண்டு மாசம் எண்டாலும் கூட ஒரு ஆள் நிக்கவேணும், ஆர் இருக்கினம் எண்டு கேட்டார். மகன் வருவான் எண்டு சொன்னன். டக்கெண்டு வாயில வந்திட்டுது. எப்ப வருவார் எண்டு கேட்டார். கேட்டுச் சொல்லுறன் எண்டிட்டு வந்தனான். பிறகு அந்தப் பக்கம் போகேல்லை. கீழ இறங்கியே ஒரு வருசத்துக்கு மேல.

ஏன் சயந்தனுக்குச் சொல்லேல்லை எண்டோ? வீட்டை விப்பான் எண்டு பயந்துதான். அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்ளுறது. அது மட்டும் இல்லை தம்பி. சொன்னா அவன் வரமாட்டான். ஆளைத்தான் அனுப்புவான். இப்ப உங்களை அனுப்பினமாதிரி. பிழையா எடுக்காதேங்கோ, நீங்கள் நல்ல பிள்ளை. சொல்லாத வரைக்கும், சொல்லியிருந்தா வந்திருப்பான் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில அவன், அலுவல் இருந்தாச் சொல்லுங்கோ, வாறன் எண்டு சொல்லேக்க, அது மெய்யெண்டு நம்பிக்கொண்டு அந்தக் கிழமையை ஓட்டலாம். எனக்கு அது போதுமாக் கிடந்தது.

வாங்கோ, கிட்ட வாங்கோ. வெக்கப்படாதேங்கோ, நானே வெக்கப்படுறதை விட்டிட்டன். இடுப்பில பிடிக்கவேண்டாம். இந்த ரண்டு கக்கத்துக்கையும் கையைக் குடுங்கோ. ஓம், அப்பிடி. உங்கட காலை என்ர காலுக்கு முன்னால வையுங்கோ, சறுக்கும். நான் சொல்லேக்க ஒரேயடியாத் தூக்குங்கோ, பாதியில விட்டிடாதேங்கோ. நான் கத்தினாலும் விடாதேங்கோ. சரி, இப்ப.

அம்மாளாச்சி.

பொறுங்கோ. பொறுங்கோ. விடாதேங்கோ, கொஞ்சம் நிக்கவிடுங்கோ. ஆ. நிண்டிட்டன். பாருங்கோ, நிண்டிட்டன். நான் இப்ப அறுபத்தைஞ்சு கிலோ இல்லை, பயப்பிடாதேங்கோ. மெல்ல மெல்லப் போவம், சுவர்ப் பக்கமா.

அவனுக்கு என்ன சொல்லுறதோ? நல்லா நடக்கிறா எண்டு சொல்லவேண்டாம் தம்பி, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. கண்டதைச் சொல்லுங்கோ. பிளற்றை விக்கிறதெண்டா விக்கட்டும், நான் மறிக்கேல்லை, அந்த மாபிள் தரைக்கே போறன். ஆனா ஆளை அனுப்பவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஒருக்கா வந்து, தன்ர கையால என்னை இப்பிடித் தூக்கி நிப்பாட்டிப்போட்டு விக்கச் சொல்லுங்கோ.